இரண்டாவது வரி

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மருமகளும் வாண்டுப் பேத்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் அப்பா எழுதுவது. நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அந்த வரிக்குப் பேனா ஓடவில்லை, அதனால் அதை விட்டுவிட்டு மேலே போகிறேன். தினமும் போனில் வளவளவென்று பேசுகிற மனுஷன் எதற்காக இப்போது தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று யோசிப்பாய். உன் அம்மாவின் உத்தரவு. 'போன்ல சொன்னா பாதியை முழுங்கிடுவீங்க, எழுதுங்க' என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரிதான், என் குரல் போனில் பொய் சொல்லிச் சொல்லி நன்றாகப் பழகிவிட்டது. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், பாதியில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு போனை எடுக்காதே. கடைசிவரை படி. கடைசியில்தான் உனக்கு வேலை இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் மூன்று முறை வந்து மூன்று முறையும் தேநீர் குடித்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு டீச்சர் ரிட்டயர் ஆகிவிட்டார், இப்போது எங்கள் இரண்டு பேரையும் மாணவர்களாக நினைத்துக்கொள்கிறார். உன் அம்மா அச்சகத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போய்க்கொண்டுதான் இருந்தாள், போன மாதம் அதை ஒரு நாளாகக் குறைத்தாள், இந்த வாரம் போகவில்லை. அச்சக முதலாளி போன் செய்து, 'அம்மா பார்த்த புரூஃப்ல நாலு பிழை அப்படியே போயிருக்கு சார், அவங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா' என்று கேட்டார். முப்பத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவள், நீ பள்ளிக்கூடத்திலிருந்து எழுதிய லீவு லெட்டரில்கூட ஒற்றுப்பிழை பார்த்தவள், அவள் நான்கு பிழையை விட்டாள் என்றால் எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். அவள் கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிறது என்று நானே ஆணியைச் சுட்டு அந்தப் பட்டையில் புதிதாக இரண்டு துளை போட்டுக் கொடுத்தேன். துளை போடும்போதும் உறைக்கவில்லை. உறைக்காதபடி நான் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

நீர்க்கட்டி விஷயம் உனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால், நான் இன்னும் எக்ஸ்ரே டிபார்ட்மென்டில் வேலையில் இருந்தபோது, அம்மாவுக்கு வயிறு உப்புசம் என்று ஸ்கேன் பார்த்தோம். எங்கள் ஆஸ்பத்திரியில் ஊழியர் வீட்டு ஆட்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு, அவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், சீட்டுப் போட வேண்டாம், ரிப்போர்ட் டாக்டர் மேஜைக்குப் போகாமல் நேராக நம் கைக்கே வந்துவிடும். அதை ஒரு பெரிய மரியாதையாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்கேன் டாக்டரிடம், 'ஒரு நிமிஷம் பாத்துடுங்க சார், எழுத்தெல்லாம் வேணாம்' என்றேன். அவரும் ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு பார்த்தார். கல்லீரலின் வலது பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டரில் ஒரு வட்டம், உள்ளே மை ஊற்றிய மாதிரி முழுக் கறுப்பு, ஓரம் மெல்லிசு, அதற்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம். தண்ணீர் இருந்தால் அப்படித்தான் தெரியும். சாதாரண நீர்க்கட்டி, நிறையப் பேருக்கு இருப்பது, தெரியாமலேயே வாழ்ந்து முடிப்பார்கள், அது எதுவாகவும் மாறப்போவதில்லை. உன்னிடம் சொன்னபோது, 'அம்மா உள்ளேயே தண்ணித் தொட்டி கட்டியாச்சா' என்று கிண்டல் செய்தாய், அவளும் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்குப் பார்த்ததில் தவறு ஒன்றுமில்லை. அந்தக் கட்டி இன்றைக்கும் அதே இடத்தில் அதே அளவில் இருக்கிறது. பாவம், அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் அன்றைக்கு எழுத்து வேண்டாம் என்றேன் பார், அதனால் இன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இரண்டரை மாதத்துக்கு முன்னால் வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றாள். நான் ரிட்டயர் ஆகிவிட்டதால் வெளியே ஒரு ஸ்கேன் சென்டரில் காசு கொடுத்து, வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். ரிப்போர்ட்டில் கல்லீரல் என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு வரி. முதல் வரி, வலது பக்கம் இரண்டு சென்டிமீட்டர் நீர்க்கட்டி. இரண்டாவது வரி, இடது பக்கம் இரண்டே கால் சென்டிமீட்டரில் ஒன்று, நீர்க்கட்டி என்று சொல்ல முடியவில்லை, மருந்து செலுத்தி சி.டி. எடுத்துப் பார்ப்பது நல்லது. உன் அம்மா எதையும் ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படிப்பவள், மாத்திரை அட்டையைக்கூட அப்படித்தான் படிப்பாள். 'முதல் வரில வலதுன்னு இருக்கு, ரெண்டாவது வரில இடதுன்னு இருக்கு, எது சரி' என்று கேட்டாள். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், 'ரெண்டும் ஒண்ணுதான், டைப் அடிச்சவன் ஒரே கட்டியை ரெண்டு தடவை அடிச்சு வச்சிருக்கான்' என்றேன். வேறு எந்தப் பொம்பளையிடம் சொல்லியிருந்தாலும் இது எடுபட்டிருக்காது தம்பி. டைப் அடிப்பவன் தப்பு செய்வான் என்பதை உலகத்திலேயே முழுசாக நம்புகிற ஒரே ஆள் உன் அம்மாதான். 'கடங்காரன், வரியை டபுள் பண்ணியிருக்கான்' என்று சொல்லி, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அந்த இரண்டாவது வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டாள். ஓரத்தில் நீக்கு என்று குறியும் போட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலம் அந்தப் படத்தை நம் சமையலறை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நம் உறவில் யாருக்கு எந்தப் படம் எடுத்தாலும் டாக்டர் வீட்டுக்குப் போகும் முன் அந்த ஜன்னலுக்குத்தானே வரும், நீயே வேடிக்கையாக அதை ஹைகோர்ட் என்பாய். வலது பக்கக் கட்டி கறுப்பாக இருந்தது. இடது பக்கத்தில் இருந்தது கறுப்பாக இல்லை, சாம்பலாக இருந்தது, ஓரமும் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. சென்டரில் மெஷின் மட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படத்தை உறைக்குள் போட்டேன். நம்பினேனா என்று நீ கேட்டால், நம்ப ஆசைப்பட்டேன். அப்படியே பத்து வாரம் போயிற்று. அந்தப் பத்து வாரமும் நீ போனில் கேட்கும்போதெல்லாம், 'பழைய தண்ணிக் கட்டிதான், வேற ஒண்ணும் இல்ல, நீ வேலையைப் பாரு' என்றேன்.

இந்தத் திங்கட்கிழமைதான் கல்லீரல் டாக்டரிடம் போனோம். பெரிய ஆஸ்பத்திரி, யாரையும் எனக்குத் தெரியாது. அந்த டாக்டர் உன்னைவிட வயதில் சின்னவர், முகத்தில் சிரிப்பு கிடையாது, ஆனால் பொறுமைசாலி. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்ததும், 'இதை யார் அடிச்சது' என்று கேட்டார். உன் அம்மா ஏதோ பரிசு வாங்குகிறவள் மாதிரி, 'நான்தான் டாக்டர், டபுளா வந்திருந்தது' என்றாள். டாக்டர் அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்ததை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். குடிப்பழக்கம் உண்டா, சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது கல்லீரல் நோய் இருந்ததா, எப்போதாவது மஞ்சள் காமாலை வந்ததா. எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியாக, 'ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கான்னு எப்பவாவது ரத்தத்துல பாத்திருக்கீங்களா' என்றார். 'இல்ல டாக்டர்' என்றாள் அம்மா. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பாத்திருக்கு, இருக்கு' என்று சொன்னேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். டாக்டர் திரும்பியது எனக்கு நினைவில் இல்லை, உன் அம்மா திரும்பியது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

இப்போது உனக்கும் சொல்ல வேண்டும். உனக்குப் பத்து வயது இருக்கும்போது பெரியத்தைக்கு ஆபரேஷன் நடந்தது அல்லவா, அதற்கு ரத்தம் கொடுக்க அம்மாவும் வந்தாள், முதலில் சோதனைக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். மறுநாள் ரத்த வங்கியில் வேலை பார்த்தவர், என் சிநேகிதர், வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சீட்டைக் கையில் திணித்தார். அம்மாவின் ரத்தத்தில் அந்தக் கிருமி இருக்கிறது, பிறவியிலிருந்தே இருந்திருக்கலாம், கல்லீரல் இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேனும் ரத்தமும் பார்க்க வேண்டும், இந்தக் கிருமி உள்ளவர்களுக்குத்தான் பின்னால் கல்லீரல் புற்று வரும் பயம் அதிகம் என்றார். வேறு யாராவது என்றால் டாக்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருப்பார்கள். ஊழியர் வீடு, அதனால் சீட்டு என் கையில். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், 'ரத்தம் கொஞ்சம் கம்மியாம், அதனால எடுக்கலை' என்றேன். அப்போது பெரியத்தை நம்மோடுதான் இருந்தாள், அவள் சுபாவம் உனக்குத் தெரியும், தெரிந்திருந்தால் அன்றைக்கே உன் அம்மாவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். சமையலறைக்குள் விட்டிருக்க மாட்டாள். தட்டில் தம்ளரில் ஒட்டுகிற கிருமி இல்லை அது, ரத்தத்தின் வழியாகப் போவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு, புருஷன் பெண்டாட்டிக்குள். ஆனால் அதைப் பெரியத்தைக்கு யார் புரியவைப்பது. அந்த அவமானம் உன் அம்மாவுக்கு வேண்டாம் என்றுதான் மறைத்தேன், இதை நீ நம்ப வேண்டும். நானே கவனித்துக்கொள்வேன் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகவும் செய்தேன். பிறகு பெரியத்தை செத்துப்போனாள், நீ ஹைஸ்கூலுக்குப் போனாய், ஷிஃப்ட் மாறியது, ஆறு மாதம் ஒரு வருஷமாயிற்று, ஒரு வருஷம் மறந்தே போயிற்று. நாலு வருஷத்துக்கு முன்னால் நீர்க்கட்டியைப் பார்த்தபோது இது நினைவுக்கு வந்தது. தண்ணீர்தான் என்றதும் அந்த நிம்மதியில் மறுபடியும் மறந்தேன்.

இந்தப் படமெல்லாம் எனக்குப் பழக்கம் என்று தெரிந்தும் அந்த டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே விளக்கினார். மருந்தை நரம்பில் ஏற்றி ஒரே இடத்தை மூன்று முறை படம் எடுப்பார்கள், அரை நிமிஷத்தில் ஒன்று, ஒரு நிமிஷம் தாண்டி ஒன்று, மூன்று நாலு நிமிஷம் கழித்து ஒன்று. நீர்க்கட்டிக்குள் ரத்த ஓட்டமே கிடையாது, அதனால் மூன்று படத்திலும் அது கறுப்பாகவே இருக்கும், மருந்து அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ரத்தக் குழாய் முடிச்சு என்று ஒன்று உண்டு, அதுவும் ஆபத்தில்லாதது, அது ஓரத்திலிருந்து மெதுவாக நிரம்பி வெளிச்சத்தைக் கடைசிவரை வைத்திருக்கும். புற்று என்றால் அதற்கு அவசரம். முதல் படத்திலேயே மருந்தை இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியும், கடைசிப் படத்தில் மற்ற கல்லீரல் வெளிச்சமாக இருக்கும்போது இது மட்டும் மருந்தை விட்டுவிட்டு இருட்டிவிடும். கிருமி உள்ள உடம்பில் அந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் பெரும்பாலும் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கக்கூட வேண்டியிருக்காது என்றார். ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்று ஒன்று பார்ப்பார்கள், அது ஏறியிருந்தால் சந்தேகம் கூடும், ஏறாமல் இருந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லையாம். அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அம்மாவுக்கு அது ஏறவில்லை. சட்டென்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'அதை வச்சு எதுவும் முடிவு பண்ணிடாதீங்க' என்றார்.

வியாழக்கிழமை காலை சி.டி. எடுத்தார்கள். அங்கே இருந்த டெக்னீஷியனிடம் நானும் இந்தத் தொழில்தான் என்று சொன்னதும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். மறுபடியும் சலுகை. வேண்டாம் என்று சொல்லும் புத்தி அப்போதும் வரவில்லை. உள்ளே உன் அம்மா கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் படுத்திருந்தாள், மைக்கில் மூச்சை அடக்கு என்றால் அடக்கினாள், விடு என்றால் விட்டாள். திரையில் முதல் படம் வந்தது. வலது பக்கத்தில் நம் பழைய நீர்க்கட்டி, கறுப்பாக, சாதுவாக. இடது பக்கத்தில் அது எரிந்தது தம்பி. மூன்று சென்டிமீட்டர் இருக்கும், பத்து வாரத்தில் வளர்ந்திருக்கிறது. இரண்டாவது படத்தில் மங்கியது. மூன்றாவது படம் வருவதற்குள் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். வந்தது. நீர்க்கட்டி முதல் படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. மற்றது இருட்டியிருந்தது, சுற்றி மெல்லிதாக ஒரு வளையம், அதற்குக் கீழே மிளகளவில் இன்னொன்றும் இருட்டியிருந்தது. டெக்னீஷியன் என்னைப் பார்க்காமல் எதையோ டைப் அடித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் முப்பத்தோரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படி டைப் அடித்துப் பழக்கம்தான்.

வெளியே வராந்தா பெஞ்சில் அம்மா கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து என்னோடு சாப்பாடு, கதவு, சாவி தவிர எதுவும் பேசாதவள், 'என்ன தெரிஞ்சுது' என்று கேட்டாள். 'அது தண்ணி இல்ல' என்றேன். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள், 'இத்தனை வருஷமா கூடவே இருந்தீங்களே, உங்களுக்கு ஏன் வரலை' என்று கேட்டாள். நான் ஊசி போட்டுக்கொண்டேன் என்று சொன்னேன். எப்போது என்றாள். சீட்டு வந்த அதே மாதம், ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கு இலவசமாகப் போட்டார்கள் என்றேன். அது எத்தனை ஊசி என்று கேட்டாள், மூன்று என்றேன், மூன்றையும் போட்டீர்களா என்று கேட்டாள், போட்டேன் என்றேன். பிறகுதான், 'அவனுக்கு' என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். ஊசிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் எதற்கு என்று அவள் கேட்பாள், கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று உன்னை விட்டுவிட்டேன். எனக்கு மட்டும் மூன்று ஊசியையும் தேதி தவறாமல் போட்டுக்கொண்டேன். எனக்கு இப்போது பயமாக இருக்கிறது தம்பி, அம்மாவை நினைத்தும் பயம், உன்னை நினைத்து அதைவிடப் பயம்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ரிப்போர்ட் கொடுத்து, ஆபரேஷனா வேறு வழியா என்று சொல்வார். வெட்டி எடுக்கிற அளவில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், அந்த மிளகு மட்டும் இல்லாமல் இருந்தால் இன்னும் தைரியமாகச் சொல்வேன். நான் நினைப்பதற்கு இனிமேல் இந்த வீட்டில் மதிப்பு இல்லை, அது நியாயம்தான். நீ உடனே டிக்கெட் போடுவாய் என்று தெரியும். போடாதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்மா எழுதச் சொன்னது, 'வர்றது அப்புறம், மொதல்ல ரத்தம் குடுத்துட்டு வரச் சொல்லுங்க' என்று. ஹெபடைட்டிஸ் பி என்று பெயர் சொல்லிக் கேள். நீ பிறந்த காலத்தில் பிறந்த உடனே போடும் ஊசி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கவில்லை, வேலையில் சேரும்போது உனக்கு எடுத்த பரிசோதனையில் இதைப் பார்த்தார்களா என்பதும் எனக்குத் தெரியாது. மருமகளுக்குப் பிரசவத்தின்போது பார்த்திருப்பார்கள், ஆனாலும் மறுபடி பார்க்கட்டும், குழந்தைக்கும் பார்க்கட்டும், ஊசி போடாதவர்கள் போட்டுக்கொள்ளட்டும். உனக்கு இல்லை என்று வந்தால் அன்றைக்கே நீயும் போட்டுக்கொள். இருக்கிறது என்று வந்தாலும் இடிந்துபோகாதே, இன்றைக்கு அதற்கு மாத்திரை உண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விடாமல் பார்த்துக்கொண்டால் சின்னதிலேயே பிடித்துவிடலாம். உன் அம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டியது அதுதான், நான் கொடுக்கவில்லை. மருமகளிடம் எதையும் மறைக்காதே. இந்தக் கடிதத்தையே அவளிடம் கொடுத்துவிடு.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம், என் வாழ்த்தை ஏற்க மனம் வராவிட்டால் அம்மாவுடையதை மட்டும் எடுத்துக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ரிப்போர்ட் வந்ததும் பழக்க தோஷத்தில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடாதே, நேராக டாக்டர் கையில் கொடு. இதை எழுதச் சொல்லும்போது மட்டும்தான் உன் அம்மாவின் குரல் உடைந்தது. 'உங்களுக்கு அனுப்ப வேணாம்னு எழுதுங்க. அவன்கிட்டயும் தண்ணிதான்னு சொல்லிடுவீங்க' என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா